இன்சுலினில் முதலிடம்

அன்புள்ள மச்சான் ஜெரால்டுக்கு,

கும்மிடிப்பூண்டியிலிருந்து உன் அக்கா புருஷன் சின்னராசு எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் வேப்பம்பட்டில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம்தான், டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சுகத்தால்தான் இவ்வளவு வம்பு. போனில் பேசினால் உன் அக்கா ஹெலன் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அதனால் கடிதம்.

போன மாதம் எங்கள் கம்பெனிக்கு நந்தினி என்றொரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு வந்தார். நோய்நொடி இல்லாத ஆட்களாகத் தமிழர், ஒடிசாக்காரர், ஜப்பான்காரர் என்று பொறுக்கி, வெறும் வயிற்றில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, அரைமணிக்கொரு தரம் ரத்தம் எடுத்து, யார் உடம்பில் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பார்களாம். என் அப்பா சர்க்கரையால் காலை இழந்தவர், உனக்குத் தெரியும். அந்தப் பயம் எனக்கு உள்ளுக்குள் எப்போதும் உண்டு. ஆரோக்கியமானவன் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிவிடும் ஆசையில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். பேக்கிங் செக்‌ஷன் கோபால் என் முதுகில் தட்டி, "அண்ணாத்தே, தமிழ்நாட்டு மானமே உன் கைல கீது, ஜப்பான்காரன உட்றாத" என்றான், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்து, ஐந்து தடவை கையை நீட்டி, பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் சர்க்கரை நார்மல், ஆனால் இன்சுலின் மட்டும் எங்கள் கம்பெனி ஜப்பான் எஞ்சினியரைவிட எனக்கு மூன்று மடங்கு. விடுவேனா? ஷிப்ட் முழுக்க லட்டு கொடுத்தேன்.

டாக்டரம்மா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இது மார்க் இல்லைங்க. அவருக்கு ஒரு ஆள் பாக்கற வேலைய உங்க உடம்பு மூணு ஆள வெச்சு ஓவர்டைம்ல பாக்குது. நம்ம ஊர்க்காரங்க நெறைய பேருக்கு இப்படித்தான். இப்ப நோய் இல்ல, சோத்தக் கொறைச்சு நடங்க" என்றார். கேன்டீனே சிரித்தது.

ஹெலன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு கரண்டி சோறு, மிச்சத்துக்குக் கீரை, விடிந்ததும் ஸ்டேஷன்வரை நடை. "இது நம்ம இனத்துக்கே உள்ளது, நான் தின்னு வரவழைக்கல" என்றால், "இனத்துக்கா நான் கழுத்த நீட்டிகினேன்? உனுக்குத்தான?" என்கிறாள். உன் மகள் மோனிகா முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்தில் எனக்குப் பிரியாணியும் கிடையாதாம். நீ வந்து பேசு. தம்பி சொன்னால் கேட்பாள்.

மோனிகாவுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அரைவயிற்றுடன்,
சின்னராசு

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. ஹெலன் படித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. தட்டு நிறையச் சோற்றைப் போட்டு, "துன்னு" என்று எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. எனவே நீ பரிந்து பேச வர வேண்டாம். ஆனால் வர வேண்டும். ஆராய்ச்சிக்கு வெளி ஆட்களும் தேவையாம், உன் பெயரை அக்கா கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு வா.