குலுடுக் இதழின் அட்டையில் என் முகம் வரலாமா?

ஊஜுங் பெருங், பண்டுங்
சனிக்கிழமை, மழை விட்ட பிறகு

அன்புக்கும் சற்றே அச்சத்துக்கும் உரிய எந்தின் அக்கா அவர்களுக்கு, தம்பி எங்குஸ் பணிந்து எழுதுவது.

இறைவன் அருளால் இங்கே நானும் மகள் ரெங்கானிஸும் நலம். காரூத்தில் தாங்களும், அத்தானின் முழங்காலும், வாத்துகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் தாங்கள் இடையில் கேள்வி கேட்பீர்கள், எனக்கு வரிசை தப்பிவிடும். ஆகவே விஷயத்தை முதலில் வைக்கிறேன்: ஓர் இசை இதழின் அட்டையில் என் முகம் வரலாமா, கூடாதா? புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. என் சம்மதம் இல்லாமல் போட மாட்டேன் என்று ரெங்கானிஸ் சொல்லிவிட்டாள். என் படிப்பு, என் திருமணம், என் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் தீர்மானித்தவர் தாங்கள். இதையும் தீர்மானித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன்.

ரெங்கானிஸ் நண்பர்களோடு சேர்ந்து இதழ் தொடங்குவது தங்களுக்குத் தெரியும். இசை என்றால் நம் காலத்துப் புல்லாங்குழல் இல்லை, மெட்டல் என்கிற அலறல் கிதார் இசை. எங்கள் பகுதியில் தெருவுக்கு ஒரு குழு இருக்கிறது. இதழின் பெயர் ‘குலுடுக்’. ஆம், இடிக்கு நாம் சொல்லும் அதே சொல்தான். முதல் இதழ் விற்றால்தான் இரண்டாவது இதழ். அவள் வரைந்த தலைப்பெழுத்தைக் காட்டியபோது, ஆயுள் முழுக்க நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்த பழக்கத்தில், கிளையாறுகள் நன்றாக வந்திருக்கின்றன, எந்த ஆறு இது என்று கேட்டுவிட்டேன். “அப்பா, அது இதழோட பேரு” என்றாள். படிக்க முடியவில்லையே என்றேன். “படிக்க முடிஞ்சா அது மெட்டல் இல்லப்பா.” பிறகு பொறுமையாக விளக்கினாள். பெயர் மேலே வர வேண்டும். கடை அலமாரியில் இதழ்களைச் செருகும்போது இடது ஓரம்தான் வெளியே தெரியும், அதனால் முக்கியமான வரிகள் அங்கே. பார்கோடு கீழே வலது மூலையில். நடுவில் குழு, கறுப்புச் சட்டை, வாசகனை நேருக்கு நேராக முறைக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. எனக்கு இது உடனே பிடித்துவிட்டது. வரைபடத்திலும் வடக்கு மேலேதான், குறிவிளக்கம் மூலையில்தான். விதி இருக்கும் இடத்தில் எனக்கு மூச்சு சீராக வரும்.

அட்டைக்குத் தேர்ந்தெடுத்த குழுவின் பெயரை மூத்தவருக்கு எழுதும் கடிதத்தில் எழுதக் கூடாது. உடம்புக்குள்ளே இருக்க வேண்டிய ஒன்று வெளியே வந்துவிட்டதைப் பற்றியது அது. ஐந்து பையன்கள். தலைவன் யாயாத், தபால்காரர் மகன். பாடகன் என்கிறார்கள், வடிகால் அடைத்துக்கொண்டால் வருமே, அந்த ஓசை. நேற்று மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் படம் எடுப்பதாக ஏற்பாடு. மழை வந்து எல்லாரும் நம் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். சூப்புக்கடையில் இரவல் வாங்கிய மாட்டு மண்டையோடு ஒன்றைக் கிணற்றடியில் வைத்திருந்தார்கள். விருந்தாளிகளின் பொருள் இப்படி அழுக்காக இருக்கிறதே என்று நான் சோப்புப் போட்டுத் தேய்த்து வெள்ளை வெளேரென்று துடைத்து வைத்தேன். “அப்பா, அந்த அழுக்குக்காகத்தான் அதைத் தேடிப் பிடிச்சோம்!” என்று ரெங்கானிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுத்து, மூடுபனி வேண்டும் என்று தேங்காய் நாரைக் கொளுத்தினார்கள். நான் அந்தப் புகை நடுவில் எல்லாருக்கும் காய்கறி பஜ்ஜி, அதுதான் நம் பாலா-பாலா, பொரித்து, பச்சை மிளகாயோடு தட்டில் ஏந்திக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டு மிமின் அம்மாள் வாளியோடு ஓடி வந்தார். “எங்குஸ் ஐயா! வீடு பத்தி எரியுது, நீங்க பலகாரம் நீட்டிக்கிட்டு நிக்கிறீங்களே!” வாளித் தண்ணீர் முழுவதும் யாயாத் தலையில். “பரவால்ல அத்தை, எப்படியும் குளிக்கணும்” என்றான் அவன். அப்போதுதான் மிமின் அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தார். “அடப்பாவி, தபால்காரர் மவனா நீ? மூஞ்சியெல்லாம் என்னடா ரத்தம்? உங்கம்மாவுக்குத் தெரியுமா?” “தெரியும் அத்தை. அவங்கதான் சிவப்பு ரோசெல்லாப் பூவுல சக்கரை போட்டுக் காய்ச்சிக் குடுத்தாங்க.” அதற்குப் பிறகு எவனுக்கும் முறைக்க வரவில்லை, அக்கா. ஒருவன் முறைத்தால் இன்னொருவன் சிரித்தான், ரத்தத்தை எறும்பு மொய்த்தது. கடைசியில் எப்படியோ ஐந்து பேரும் முறைக்கும் படம் ஒன்று தேறியது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, தட்டும் காலியாகி, மழை விட்டு வெயில் சாய்வாக அடித்தது. பையன்கள் புறப்பட்டார்கள். வழக்கப்படி முற்றத்தில் வரிசையில் நின்று, ஒவ்வொருவனாகக் குனிந்து என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்து விடைபெற்றார்கள். நான் கைலியில் இருந்தேன். இடது கையில் எண்ணெய்த் தட்டு. வாளியோடு வீடு திரும்பிய மிமின் அம்மாளுக்கு வழிவிட்டு ஒதுங்கியதில் குல்லா கோணலாகியிருந்தது. அதைச் சரிசெய்யக் கை இல்லை. அந்த நேரம் பார்த்து ரெங்கானிஸ் எடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

அன்று மாலை இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தாள். ஒன்றில் ஐவரும் முறைக்கிறார்கள், எல்லா விதியும் சரியாக இருக்கிறது. மற்றதில் ஐந்து தலைமுடிக் கற்றைகள் குனிந்திருக்கின்றன, குழுவில் ஒருவன் முகமும் தெரியவில்லை. தெரியும் ஒரே முகம் என்னுடையது. இது தவறு என்று முறையாக எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டால்தானே. “அலமாரி முழுக்க முறைக்கிறானுங்கப்பா. நாலு முறைப்புக்கு நடுவுல அஞ்சாவது முறைப்பு எவன் கண்ணுல படும்? பேரு மேல இருக்கு, ரத்தம் இருக்கு, கறுப்பு இருக்கு. ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்துறேன்.” குழு என்ன சொல்லும் என்றேன். அட்டையைப் பார்க்கத் திரும்பி வந்த யாயாத் அங்கேதான் சட்டியில் மீந்த பாலா-பாலாவைத் தின்றுகொண்டிருந்தான். “முறைக்கிற படத்துல நான் வயித்துவலிக்காரன் மாதிரி இருக்கேன் ஐயா. இதுல பாருங்க, இவ்வளவு பயங்கரமான நாங்களே குனியறோம்னா நீங்க எவ்வளவு பயங்கரமான ஆளா இருக்கணும்?” அக்கா, தங்கள் வாத்து துரத்தியபோது வைக்கோல்போரில் ஏறியவன் நான்.

பள்ளிவாசலில் என்ன சொல்வார்கள், பழைய மேலதிகாரி பார்த்தால் என்ன நினைப்பார், குல்லா ஏன் கோணல் என்று அடுக்கிக்கொண்டே போனேன். யாயாத் போன பிறகு அவள் நம் வீட்டு ஆல்பத்தைக் கொண்டு வந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “இதுல அம்மா இருக்கா. நான் இருக்கேன். சைக்கிள்கூட இருக்கு. நீங்க எங்கப்பா?” நான்தானே படம் எடுத்தவன் என்றேன். ஒவ்வொரு படத்திலும் கீழே விரலை வைத்துக் காட்டினாள். புல்லின்மேல், மணலின்மேல், அவள் அம்மாவின் செருப்பருகே, என் நிழல். “இவ்வளவுதான் எங்கிட்ட இருக்கு” என்றாள். அலுவலகக் குழுப் படத்தில் இருக்கிறேனே என்றேன். இருக்கிறேன், உயரமான ஒருவர் தோளுக்குப் பின்னால், ஒரு காது.

இதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணங்கள் நிறைய, வாய்தான் இல்லை. தாங்கள் ‘கூடாது’ என்று ஒரு சொல் எழுதினால் போதும், அத்தை மறுத்துவிட்டார் என்று சொல்லிவிடுவேன். அவள் கோபம் தங்கள் மீது போகும். எனக்காக இதைவிடப் பெரிய கோபங்களை எல்லாம் தாங்கியிருக்கிறீர்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் அரிசியும் அமைதியும் குறையாமல் இருக்கட்டும். தங்கள் கை என் தலைமீது இருக்கட்டும். பதிலை உடனே எதிர்பார்க்கும்,

தம்பி எங்குஸ்

பின்குறிப்பு (புதன்கிழமை): கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தினமும் தபால் நிலையம் வரை போய் வந்தேன். இன்று காலை குல்லா எவ்வளவு கோணல் என்று பார்ப்பதற்காக மட்டும் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தேன். இரண்டு அட்டைகளையும் தயாராக வைத்திருந்தார்கள். ரெங்கானிஸ் வாசலிலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. “எதை ஓட்டட்டும் ஐயா?” என்றார் அச்சுக்காரர். தங்களைத் தேடித் திரும்பிப் பார்த்தேன் அக்கா. தாங்கள் அங்கே இல்லை. என் படத்தைத் தொட்டு, “இதை ஓட்டுங்க” என்றேன். உடனே, “நிறுத்துங்க” என்றும் சொன்னேன். படத்தின் கீழே வலது மூலையில், என் காலடி வரை நீண்டு ஒரு நிழல் விழுந்திருந்தது. இரண்டு முழங்கையும் விரிந்து, கேமராவைப் பிடித்தபடி. அதன் தலைமேல் பார்கோடு உட்கார்ந்திருந்தது. அவளைக் கூப்பிட்டு, இந்தப் பார்கோட்டை வேறு எங்காவது வை என்றேன். “அப்பா, எல்லா இதழ்லயும் அது அங்கதாம்ப்பா இருக்கும்” என்றாள். “தெரியும்மா. மாத்து” என்றேன்.

ஆகவே தாங்கள் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை யாயாத் மோட்டார் சைக்கிளில் தங்களுக்கு ஆறு பிரதிகள் கொண்டு வருவான். தோற்றத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கையை நீட்டுங்கள், குனிவான்.