உப்புக்காரர்கள் சட்டையும் ஒரு வாளி வெந்நீரும்

அன்பும் மதிப்பும் மிகுந்த மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும் கப்பலும் கடலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் சட்டையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். நடுக்கடலில் உங்களுக்குத் தொலைபேசி கிடைக்காது. கிடைத்தாலும் இதை வாயால் சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். கப்பலின் விளிம்பில் சாய்ந்துகொண்டு படிக்க வேண்டாம்.

நீங்கள் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். உப்பளத் தொழிலாளர்கள் தொடங்கிய, 'உப்புக்காரர்கள்' என்ற அந்த வெளிநாட்டுக் குட்டி ஊர்க் கால்பந்து அணி ஒரு கோப்பையும் வென்றதில்லை என்பதும், தோற்றாலும் அதன் ரசிகர்கள் பாடி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள் என்பதும், கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட இருந்த கடைசி ஆட்டத்தில் இடது பக்கக் காவலர் கோல் கோட்டின் மேலேயே விழுந்து வயிற்றால் பந்தைத் தடுத்தார் என்பதும் எனக்கு மனப்பாடம். அந்தச் சட்டையைத் துவைக்காமல் அப்படியே ரசிகர்களுக்குள் குலுக்கல் போட்டார்கள், அது உங்களுக்கு விழுந்தது, நீங்கள் எங்கள் முகவரியைக் கொடுத்தீர்கள். "சட்டை கடையிலகூடக் கிடைக்கும் கண்ணு, எனக்கு வேண்டியது அந்தச் சேறு. சேத்துக்கு நடுவுல கோல் கோட்டோட சுண்ணாம்பு ஒரு இழுப்பு இருக்கும் பாரு, அதான் உசுரு. நீயே போய் வாங்கு. உங்கம்மா கையில மட்டும் சிக்காமப் பாத்துக்க" என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சேற்றுச் சட்டையின் புகைப்படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். நான் அதைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

பள்ளி முடிந்ததும் நேராகப் பார்சல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரே ஒரு கவுண்டர், அதில் தன் பேனாவைத் தானே தேடிக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தா. நின்ற நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த தடைப் பட்டியலைப் படித்தேன். வெடிமருந்து அனுப்பக் கூடாது என்பது புரிகிறது. உயிருள்ள தேனீக்களை மட்டும் தக்க காற்றோட்டத்துடன் அனுப்பலாம் என்று போட்டிருந்தது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

"என்ன பார்சல்மா?"

"கால்பந்துச் சட்டை, சார். வெளிநாட்டுலேருந்து. பொட்டலத்து மேல டீம் சின்னம், கடற்பறவையும் உப்பு வாரும் பலகையும் போட்டிருக்கும்."

"சட்டைதானே, இந்தா பிடி. கையெழுத்துப் போடு. பேனா உன்கிட்ட இருக்கா?"

பறவையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த மெலிந்த பொட்டலத்தைப் பையில் இரண்டு நோட்டுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் மாமா, எங்கள் வீட்டு விதி உங்களுக்குத் தெரியும். அம்மா மருத்துவமனையில் துணிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். ஒரு நாளில் எத்தனையோ படுக்கை விரிப்புகளின் கதையைப் பார்த்துவிட்டு வருகிறவர். வெளியிலிருந்து வரும் மனிதர்கள் முழங்கை வரை சோப்புப் போட வேண்டும், துணிகள் வெந்நீரில் முங்க வேண்டும். நான் பையைக் கீழே வைத்துவிட்டு விதிப்படி சோப்புப் போட்டுக்கொண்டு திரும்பினால், பையில் நோட்டுகள் மட்டும்தான் இருந்தன.

"அம்மா, பார்சல் எங்க?"

"பிரிச்சு ஊறப் போட்டுட்டேன். எத்தனை பேர் கை பட்டுச்சோ."

"ஐயோ, அதுல சேறு இருந்துச்சும்மா!"

"சேறா? தண்ணி கலங்கவே இல்லையேடி."

"அது மாமா ஆசையா வாங்கின சேறு!"

"அவன் சேத்தையெல்லாம் சின்ன வயசுலேருந்து நான்தான் தொவைக்கிறேன். அதுல என்னடி புதுசு?"

வாளியிலிருந்து எடுத்தால் மஞ்சளும் சாம்பலுமாகப் பளபளவென்று வருகிறது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அந்த ஊர்த் தையலின் உறுதியை எண்ணி அப்பாவும் நானும் வியந்தோம். தண்ணீர் கலங்காததற்கும் அப்பா காரணம் கண்டுபிடித்தார்: "வெளிநாட்டுச் சேறுல்ல? அதுவே சுத்தமாத்தான் இருக்கும்."

நான் புகைப்படத்தை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "கப்பலுக்குப் போனதுலேருந்து அவன் என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லடி. இந்த ஒரு அழுக்கைத்தான் பத்திரமா வைக்கச் சொன்னான். அதையும் என் கையாலயே..." என்றார். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் முழுதாக அழவில்லை. சோப்புக் கை என்பதால் கண்ணைத் துடைக்க முடியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதைப் பார்த்துத்தான் சேற்றைத் திரும்பப் போடும் வேலையில் அப்பா இறங்கினார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர் அல்லவா, புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, சட்டையிலும் பென்சிலால் மெல்லக் கட்டம் போட்டார். பள்ளி மைதானத்து மண்ணுக்கும், கோடு போடும் சுண்ணாம்புக்கும் விளையாட்டு ஆசிரியரிடம் நான் போனேன். "எதுக்கு?" என்றார். "எங்க மாமா சட்டையில கோல் கோடு போட, சார்." அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நம் மண் புகைப்படத்தில் இருப்பதைவிட வெளுத்திருந்ததால் அப்பா அதில் காப்பித்தூளைக் கலந்தார். இப்போது சட்டையில் லேசாகக் காப்பி மணக்கும். உங்களுக்குப் பிடிக்குமே என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அம்மாவால் கடைசியில் பொறுக்க முடியவில்லை. "என்னங்க இது, தோசை மாதிரி வட்டமா வச்சிருக்கீங்க? விழுந்தவன் சறுக்கியிருக்கான். கறை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகணும். தள்ளுங்க" என்று சேற்றில் கையை வைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு துணியைத் தன் கையாலேயே அழுக்காக்கினார், மாமா. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓவியம் போல இழுத்தார். புகைப்படத்தையும் சட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நீங்களே ஏமாந்துபோவீர்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். "அவனுக்கு எதுக்குச் சொல்லணும்? சேறு சேறுதானே" என்கிறார் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, மெய்சிலிர்த்து நிற்பீர்கள். நின்று பார்ப்பதோ எங்கள் பள்ளி மைதானத்து மண் இரண்டு பிடி. உங்களுக்குக் கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள். அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை அன்பாகப் பேசிவிடுங்கள். அந்த நாளிலிருந்து அவர் அலமாரித் துணிகளை வெளியே எடுத்து மறுபடியும் மறுபடியும் மடித்துக்கொண்டே இருக்கிறார்.

அம்மா ஆசியும் மன்னிப்பும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். அப்பா உங்களை விசாரித்ததாக மட்டும் எழுதி, மீதியைக் கிழித்துப் போடச் சொன்னார். காற்றும் கடலும் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்தபடி,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. கடைத்தெருப் பல் டாக்டர். அப்பா அவரைக் கண்டதும் பழக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் கையில் கடற்பறவை போட்ட இன்னொரு பொட்டலம்! "உங்க வீட்டு அட்ரஸ் போட்டது என்கிட்ட வந்துடுச்சு. என்னோடது இங்க வந்திருக்கான்னு பாக்கறீங்களா? புதுச் சட்டை, இப்பதான் காசு சேத்து வாங்கினேன்" என்றார். தேனீக்களைப் பற்றி ஒரு வரி விடாமல் படித்த நான், பொட்டலத்தின் மேல் இருந்த பெயரைப் படிக்கவில்லை, மாமா. உங்களுடையது பிரிக்கப்படாமல் இருக்கிறது. அசைத்தால் உள்ளே மண் உதிரும் சத்தம் கேட்கிறது.

நாங்கள் சேறு பூசிய சட்டையை நீட்டினோம். டாக்டர் அதை விரித்துப் பார்த்தார். "குடுங்க டாக்டர், அஞ்சே நிமிஷத்துல அலசித் தர்றேன்" என்று அம்மா பாய்ந்தார். அவர் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். "வேண்டாம்மா, வேண்டாம்! இப்பதான் இது நம்ம டீம் சட்டை மாதிரி இருக்கு." அதைப் போட்டுக்கொண்டே தெருவில் நடந்து போனார். நீங்கள் வந்ததும் உங்களைப் பார்க்க வேண்டுமாம்.

மண் உதிரும் அந்தச் சத்தத்தை அம்மாவும் கேட்டுவிட்டார். அடுப்பில் வெந்நீர் ஏறியிருக்கிறது. அதனால் உங்கள் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் இந்த வரிகளை எழுதுகிறேன். சீக்கிரம் வாருங்கள்.