முயல்குட்டிக்காக அடங்கிய லயம்

முயல்குட்டி பெட்டியின் மூலையைவிட்டு நகர மறுத்தது. முன்னால் போட்ட கீரை வாடிக் கிடந்தது.

"சாகப் போகுதுங்க," என்றாள் புஷ்பவள்ளி.

"மெதுவாப் பேசு. அதுக்குக் காது கேக்கும்," என்றான் பரஞ்சோதி.

ஜப்பான்காரன் வந்த பிறகு, லூனாஸ் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுவதைவிட மரவள்ளி நடுவதுதான் வேலையாகிப் போயிருந்தது. கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு கோழிகூட மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் பரஞ்சோதி தன் கல்யாணச் சட்டையைக் கீரைத் தோட்டத்துச் சீனரிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு முயல்குட்டியோடு வந்து நின்றான்.

அரிசி வரும் என்று பானையைக் கழுவி வைத்திருந்த புஷ்பவள்ளி, திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அது வெள்ளைவெளேரென்று, அப்போதுதான் வடித்துக் கொட்டிய சோற்றைப் போல அவன் கையில் குவிந்திருந்தது. அப்படி ஒரு வெள்ளையைக் கண்ணால் பார்த்து எத்தனை காலம்! திட்ட வந்ததை மறந்துவிட்டாள்.

"கறிக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"சீ! வளர்க்கறதுக்கு. வீட்டுல ஏதாவது ஒண்ணு அழகா இருக்கட்டுமே."

சீனர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "ஜாங்ஙான் பீசிங்! சத்தம் கூடாது. வெளிச்சம் கூடாது. புது ஆள் எட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டுக்காரன் குரல் மட்டும் மெல்லக் கேட்கணும். அப்பதான் வீடு பழகும்."

லயத்திலா சத்தம் கூடாது? வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான். அதுவும் கூரையை எட்டாது. ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியில் ஆயுசு சொல்வார்கள்.

பரஞ்சோதி ஜன்னலிலும் வாசலிலும் சாக்குகளைத் தொங்கவிட்டான். இருட்டுக்குள் பெட்டியருகே குந்திக்கொண்டு குழைந்தான்.

"பயப்படாதே. இங்க யாரும் உன்னைப் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்க. நான் இருக்கேன்ல? கொஞ்சம் சாப்பிடு. உடம்பு தேறட்டும், அப்புறம் வெளிய போகலாம்."

பலகைக்கு அந்தப் பக்கம், சாயங்காலம் முழுக்க இருமிக்கொண்டே இருக்கும் அம்மாசியின் இருமல் சட்டென்று நின்றது. நல்லதாய்ப் போயிற்று என்று பரஞ்சோதி நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் வாசற்படியில் வாழையிலை மூடிய ஒரு தட்டு இருந்தது. அவித்த மரவள்ளி. அதன் மேல் இரண்டு பீடி.

தண்ணீர்க் குழாயடியில் அம்மாசி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தான்.

"ஆளு பீடி குடிப்பாரா?"

"எந்த ஆளு?"

"சரி, சரி. நான் ஒண்ணும் கேக்கல."

"அண்ணே, உள்ள இருக்கிறது முயலு."

"முயல்தான் தம்பி. கரங்கான் ரோட்டுல சயாம் லாரியிலேருந்து குதிச்சு ஓடுன முயலு. எனக்குத் தெரியாதா?"

பரஞ்சோதியின் கையிலிருந்து வாளி நழுவியது. சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. தப்பியவனை ஒளித்து வைத்தால், ஒளித்தவனுக்கும் அதே லாரிதான். ஆள் பிடித்துக் கொடுப்பவன் தோட்டத்துக் கூலிகளை மேய்க்கும் மண்டோர் வீரசாமி. அவன் சைக்கிள் மணி கேட்டால் ஆம்பளைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள்.

சீனர் சொன்னது கிடக்கட்டும் என்று அம்மாசியை இழுத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்து காட்டினான் பரஞ்சோதி. அம்மாசியின் மீசையைக் கண்ட முயல்குட்டி மூத்திரம் பெய்துவிட்டுச் சாக்குக்குள் புகுந்துகொண்டது.

அம்மாசி அவன் முதுகில் தட்டினான். "ஆகா! நல்ல ஏற்பாடு. யாராவது கேட்டா இதைக் காட்டிடலாம். உன்னை என்னமோன்னு நினைச்சிருந்தேன் தம்பி!"

அன்று பொழுது சாய்வதற்குள், கோடி வீட்டுச் செல்லாயி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரத் துரை காலத்துக் கெட்டிப்பால் டின். மரவள்ளிக் கிழங்கோடு மண்ணில் புதைத்துக் காப்பாற்றி வைத்திருந்தது.

"ரொம்ப மெலிஞ்சிருப்பாரு. குடு, புள்ள."

"அக்கா, அது முயலு. பால் குடிக்காது."

"முயலுக்கு யாரு கொடுத்தா? குடிக்கிறவருக்குக் குடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திருப்பிக் கொடுத்தாலும் வாங்கமாட்டாள். அன்று சாயங்காலம் டின்னில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டார்கள். வாசனை வந்ததுதான் தாமதம், அந்தக் காலத்து ரொட்டிக்காரனின் சைக்கிள் மணி நினைவில் வந்தது. சம்பள ஞாயிற்றுக்கிழமையும் லூனாஸ் கடைத்தெருவும் வந்தன. சுடச்சுடத் தேநீரில் முக்கிய ரொட்டி, பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்ததும், அதற்காக அவள் சிணுங்கியதும் வந்தன.

புஷ்பவள்ளி விரலைச் சப்பியபடியே சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. பரஞ்சோதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஊரை ஏமாத்திக் குடிக்கிறோமேடி."

"நாமதான் உண்மையைச் சொல்லிட்டோமே. நம்பாதது அவங்க தப்பு. டின்னை இப்படித் தள்ளுங்க."

அதன் பிறகு லயமே அடங்கிப்போயிற்று. அம்மாசி தலையணைக்குள் இருமினான். பிள்ளைகள் கூச்சல் போடாமல் ஒளிந்து விளையாடினார்கள். எதிர்வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கை ஜாடையிலேயே சண்டை போட்டார்கள். அப்படிப்பட்ட சாயங்காலங்களைப் பரஞ்சோதி முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. எங்கோ வெயிலில் காய்ந்த ரப்பர்க் காய் வெடித்து, விதை சருகில் விழும் சத்தம்கூட வீட்டுக்குள் கேட்டது.

அந்த அமைதியில் முயல்குட்டி மூலையைவிட்டு வந்தது. கங்கோங் கீரையைக் கறுக் கறுக்கென்று கடித்தது. பிறகு புஷ்பவள்ளியின் புடவைத் தலைப்பின் மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"வீடு பழகிடுச்சுங்க!" என்றாள் அவள்.

அந்த நேரத்தில்தான் வாசல் சாக்கு விலகியது. சைக்கிள் மணி அடிக்காமலேயே மண்டோர் வீரசாமி வந்து நின்றான். அக்குளில் ஒரு பாய்ச்சுருட்டு.

சயாம் லாரியில் ஏறுகிறவன் எடுத்துப் போகிற பாய்; அதைத் தனக்குத்தான் கொண்டு வந்திருக்கிறான் என்று பரஞ்சோதி நினைத்தான்.

"ஏன்டா, லயம் செத்துப் போனாப்பல கிடக்கு? சத்தமில்லாத லயத்தை நான் பார்த்ததே இல்லையே. எங்கடா அவன்?"

"யாரும் இல்லீங்க மண்டோரே! சத்தியமா இல்லீங்க! முயலுங்க, இதோ பாருங்க, முயலு!" பரஞ்சோதி குட்டியைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். இப்போது பழகிவிட்ட அது, பயமே இல்லாமல் மண்டோரின் மூக்கை முகர்ந்து பார்த்தது.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாசியின் குரல் கேட்டது. "ஆமாங்க, முயல்தான்! நான் பார்த்தேன்!"

"முயல்தாங்க! பால்கூடக் குடிக்காது!" கோடி வீட்டிலிருந்து செல்லாயி.

"முயல்தான்! முயல்தான்!" வீட்டுக்கு வீடு குரல் எழும்பியது. பச்சைப் பிள்ளைகள்கூடச் சத்தியம் செய்தன.

பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டான். ஒரு முயலுக்கு இத்தனை சாட்சியா? எவன் நம்புவான்?

கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். வீரசாமி சாக்கையும் இழுத்துச் சரியாக மூடிவிட்டு, அவன் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டிருந்தான். முகம் வேர்த்திருந்தது. பலகைக்கு அப்பால் எட்டாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தம்பி, அந்த ஆளை ஒளிச்சு வச்சிருக்கிற இடத்துல எனக்கும் கொஞ்சம் இடம் கொடு. நாளைக்கு லாரியில என்னையும் ஏறச் சொல்லிட்டாங்க."