மைக் சாமியும் வயிற்றுக் காத்தும்

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு எதிரே, ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் வைக்க இடமில்லை. செங்கல்பட்டிலிருந்து வேன், மாமல்லபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ. கடல் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. அத்தனை பேரும் தங்கள் வயிறு பேசுவதைக் கேட்க வந்தவர்கள்!

பேச வைப்பவர் மைக் சாமி. பூர்வாசிரமத்தில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டியவர். காலையில் பக்தர்களுக்குப் பிரசாதம் கொடுப்பார்: ஊறப்போடாமல் அவித்த மொச்சையும் கொள்ளும், இரண்டு கை நிறைய. மாலையில் ஒவ்வொருவராகப் படுக்கவைத்து வயிற்றில் மைக்கை அழுத்துவார். ஸ்பீக்கர் 'கொர்ர்ர்' என்று உறுமும்.

"காத்து பூந்துகீது!" என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

நம் ஊரில் மரத்தை ஆட்டுவதும் காத்துதான், ஆளைப் பிடிப்பதும் காத்துதான். இது எந்தக் காத்து என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பரிகாரமாக ஒரு தாயத்து; அப்புறம் வெறும் வெள்ளைச் சோறு. கீரை, பயறு, காய் கூடாது, அதுதான் பேய்க்குத் தீனியாம். சில நாளில் உறுமல் அடங்கும். பேய் வெளியேறிவிட்டது, வெளியேற வேண்டிய மற்றது மட்டும் வெளியேற மறுத்தது. அதற்கும் சாமியிடம் தாயத்து இருந்தது.

புதுப்பட்டினம் ஜோதிலட்சுமியை அங்கே இழுத்துப் போனவர் மாமியார் கன்னியம்மா. கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. பிரசாதம் தின்றாள், படுத்தாள், ஸ்பீக்கர் உறுமியது.

"இந்தப் பொண்ணு கீற வரைக்கும் வம்சம் தழைக்காது. அடுத்த ஞாயிறும் உறுமுச்சின்னா அம்மா வூட்டுக்கு அனுப்பிடு" என்றார் சாமி.

கணவன் பார்த்திபன் வேன் ஓட்டுகிறவன். ரோட்டில் புலி, அம்மா முன்னால் எலி. "அம்மா சொன்னா கேட்டுக்க ஜோதி" என்றான். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

அவள் படித்தது மைக்ரோபயாலஜி. கல்யாணத்துக்குப் பிறகு செய்வது இட்லி மாவு அரைப்பது. பாடம் ஒன்றுதான்.

"அத்தே, மாவு பொங்குதே, அதுல பேயா பூந்துகீது?"

"இன்னாடி உளர்ற? அது புளிக்குது."

"வயித்துலயும் அதே கததான். மொச்சையில கீற நாரு நமக்குச் செரிக்காது. பெருங்குடல்ல கீற கிருமிங்க அத்தப் புளிக்க வச்சித் துன்னும். அதுல குடலுக்கும் தீனி கெடைக்குது, நல்லதுதான். கூடவே காத்தும் கெளம்பும். பழக்கமில்லாத வயித்துல ஒரேடியா கொட்டுனா சத்தம் போடாம இன்னா பண்ணும்?"

"அப்ப சாமி வயித்துல ஏன் சத்தம் வர்ல? அது சுத்தமான ஒடம்புடி!"

அதுவும் உண்மைதான். கூட்டம் தொடங்குமுன் சாமி தன் வயிற்றில் மைக்கை வைத்துக் காட்டுவார், சத்தமே வராது. வராதுதான். புரோட்டா தவிர வேறெதையும் காணாத வயிறு அது. தன் பிரசாதத்தில் ஒரு மொச்சையைக்கூட அவர் வாயில் போட்டதில்லை.

"அப்டின்னா வர்ற ஞாயித்துக்கெழம மதியம் சாமிக்கு நம்ம வூட்லயே சாப்பாடு போடலாம் அத்தே" என்றாள் ஜோதிலட்சுமி. கன்னியம்மாவுக்குப் புல்லரித்தது.

அன்று காலையில் சாமி கையாலேயே வாங்கிய பிரசாதத்தை நைசாக அரைத்தாள். வெல்லம், தேங்காய்ப்பால், ஏலக்காய் சேர்த்துப் பாயசமாக்கினாள். சாமி சப்புக்கொட்டினார். "அமிர்தம்மா! இன்னொரு சொம்பு ஊத்து" என்றார். ஊற்றினாள்.

மாலை. கூட்டம் கைகூப்பி நிற்க, சாமி தன் தொப்புளில் மைக்கை வைத்தார்.

'கொர்ர்ர்... கடகடகட... கீய்ய்ய்!'

கோட்டை மதிலோரம் படுத்திருந்த நாய்கள் எழுந்து குரைத்தன. சாமி மைக்கைத் தட்டினார். "ஒயரு லூசு" என்றார். ஒயரை இறுக்கினார். உறுமல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஜோதிலட்சுமி பாயில் படுத்து மைக்கைத் தன் வயிற்றில் வைத்தாள். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. எழுந்து அதே மைக்கில் பேசினாள்.

"மதியம் சாமி துன்ன பாயசத்துல கீறது அவரு பிரசாதந்தான். நான் துன்னது வெறும் ரசஞ்சோறு. இப்ப யாரு வயித்துல கீது காத்து? சொல்லு சாமி, யார அம்மா வூட்டுக்கு அனுப்பறது?"

சாமி பதில் சொல்ல வாய் திறந்தார். பதில் வேறு வழியாக வந்தது. அதற்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தது; சாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓடினார்.

கன்னியம்மா தன் கழுத்துத் தாயத்தை அறுத்து மணலில் எறிந்தார். மருமகள் கையைப் பிடித்தார். "எம்மேலதான் தப்பு. வாடி, நம்ம வூட்டுக்குப் போலாம்."

"வர்றேன் அத்தே. ஆனா இனிமே கொழந்த இல்லன்னா உம் புள்ளயும் என்கூட டாக்டராண்ட வரணும்" என்றாள் ஜோதிலட்சுமி. பார்த்திபன் தலையாட்டினான்.

பெருமக்களே! செரிக்காத வெறும் சக்கையைப் போட்டாலே உங்கள் குடல் இரவு பகலாக உழைக்கிறது. மூளைக்கும் ஏதாவது போட்டுப் பாருங்கள்.