திருக்கைமுனைக்கு வரலாறு வந்த கதை

செம்பரிதி நாட்டின் கிழக்கு ஓரத்தில் திருக்கைமுனை என்று ஒரு கடற்கரைச் சிற்றூர். அந்த ஊரில் எல்லாம் இருந்தது. வரலாறு மட்டும் கிடையாது. அதனால் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை. தூக்கத்தைக் கெடுத்தது கடல்தான். கரையை அரித்து அரித்து முதல் வரிசை வீடுகளை விழுங்கி, இரண்டாம் வரிசையையும் முடித்துவிட்டு, இப்போது பூவாத்தாவின் அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருத் தெருவாக மீன் விற்றுக் கட்டிய வீடு. அதன் முன்னால் பாறாங்கல்லைக் கொட்டி ஓர் அலைத்தடுப்புச் சுவர் எழுப்பித் தாருங்கள் என்று அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை.

அப்போதுதான் மன்னரின் புது ஆணை வந்தது: ‘வரலாறு உள்ள ஊருக்கே சுவர்.’ ஆணைக்குப் பின்னாலேயே வரலாற்று அமைச்சர் வாகைசூடியாரும் வந்து இறங்கினார். அடேயப்பா, என்ன குடை, என்ன கொம்பு! ஊரே கடற்கரையில் திரண்டுவிட்டது.

“இம்மண்ணில் பேரரசர் எவரேனும் திருப்பாதம் பதித்ததுண்டா?” என்று கேட்டார் அமைச்சர்.

ஊர்த்தலைவர் தலையைச் சொறிந்தார். “போன வருசம் வரி வசூல்காரரு வந்தாருய்யா. அவரும் செருப்பக் கழத்தல.”

அமைச்சர் முகம் சுளித்து, வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையை உயர்த்தினார். பூவாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். போச்சு, சுவர் போச்சு! நேற்றைய மீனை இன்றைய மீனாக விற்றுப் பழகிய வாய் அது, சும்மா இருக்குமா?

“ஐயா, போகாதீய! இங்கன ஒரு அரமணையே இருந்துச்சு! ஏழு அடுக்கு!”

அவ்வளவுதான், ஊருக்கே வெறி பிடித்துக்கொண்டது. “ஆமாய்யா, யானை கெட்டுன எடம் எங்க வீட்டுப் பொறவாசல்தான்!” என்றான் ஒருவன். “ராணி குளிச்ச கெணத்துலதான் நாங்க தண்ணி எடுக்கோம்!” என்றாள் இன்னொருத்தி. அமைச்சரின் கண்கள் பனித்தன.

“அத்தகைய மாளிகை எங்ஙனம் அழிந்தது?”

“எதிரி வந்து இடிச்சுட்டான்யா,” என்றாள் பூவாத்தா.

“எவ்வழியாக வந்தான்?”

கடற்கரைக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? “படகுலதான்யா. வேற எதுல வருவான்?”

அன்று திருக்கைமுனையில் ஆட்டமும் பாட்டமும்தான். சுவர் வரப்போகிறது! நாடெங்கும் எல்லா ஊர்களிலும் திருக்கைமுனையின் வரலாற்றைக் காலையும் மாலையும் ஒப்பிக்க வேண்டும் என்று மன்னர் கட்டளையிட்டார். ஊர்க்காரர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த ஆணை, அரண்மனை புதைந்த மணல் புனிதமானது, அதில் மீன் உலர்த்தக் கூடாது என்றது. சரி, பெரிய வரலாறு என்றால் கொஞ்சம் சிரமம் இருக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த ஆணை, ஊர்ச்சாலையை வெற்றித் திருவீதி ஆக்கியது. வரலாற்றைத் தரிசிக்க வருகிறவர்கள் அதில் வரலாம். மீன்கூடையோடு யாரும் போகக்கூடாது. பூவாத்தா கூடையை வீட்டிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டினியாகக் காத்திருந்தாள்.

கடைசியில் கல்லும் வந்தேவிட்டது. வண்டி வண்டியாகப் பாறாங்கல்! பூவாத்தா குலவையிட்டுக்கொண்டே ஓடினாள். ஆனால் சுவர் கடல் பக்கம் எழும்பவில்லை. வீடுகளைச் சுற்றி நிலப் பக்கமாக எழும்பியது.

“ஐயா, கடல் அந்தப் பக்கம்லா இருக்கு?”

“சுவர் அரண்மனையைக் காப்பதற்கு, அம்மா,” என்றார் வாகைசூடியார்.

“கடல்கிட்ட இருந்துதான?”

“எதிரியிடமிருந்து. அவன் படகில் வந்தான் என்று நீதானே சாட்சி சொன்னாய்? இந்த ஊரில் படகு வைத்திருப்பவர்கள் யார்?”

பூவாத்தா அவர் காலில் விழுந்தாள். “ஐயா, அது நான் சும்மா அடிச்சுவிட்டதுய்யா! அரமணையும் இல்ல, எதிரியும் இல்ல!”

அமைச்சர் தம் அதிகாரிகளைப் பார்த்து நிதானமாகப் புன்னகைத்தார். “குறித்துக்கொள்ளுங்கள். வரலாற்றை மறுப்பவன் எதிரியேதான்.”

விடிவதற்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. சாலை திருவீதியாகிவிட்டதால் அதில் கால் வைக்க முடியாது. ஊரே படகேறியது. பாழாய்ப்போன வாயே, பாழாய்ப்போன வாயே என்று பூவாத்தா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அழாதீங்க. சாளைத்துறைக்குப் போவோம். எங்க அம்மா ஊரு. என் தம்பி காத்தலிங்கம் இருக்கான், நம்மள விட்டுருவானா?” என்றாள்.

விடியும்போது சாளைத்துறை தெரிந்தது. கரையில் மேளம் முழங்கியது, கூட்டம் துள்ளியது. “பாத்தியளா, நம்மள வரவேக்கத்தான்!” என்று பூவாத்தா படகிலேயே எழுந்து நின்றுவிட்டாள். கூட்டத்தின் முன்னால் காத்தலிங்கம் நின்றான். அவன் கையில் துடுப்பு ஓங்கியிருந்தது.

“ஏலே, நான்தாம்லே! ஒங்கக்கா!”

“எங்கக்கான்னா ரோட்டு வழியால்லா வருவா,” என்றான் அவன். “கடல் வழியா வாரவன் எதிரி. நாங்க தெனம் ஒப்பிக்கோம்.”

பூவாத்தா கரையைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் சாளைத்துறையின் படகுகள் வரிசையாக நின்றன.

“லேய், ஒங்ககிட்டயும் படகு இருக்குலே!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மேளச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. அன்று காலையில்தான் சாளைத்துறைக்கும் சுவர் கட்டக் கல் வந்து இறங்கியிருந்தது. ஊரே சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருந்தது.