பசளை வாங்காத மிளகாய்த் தோட்டம்

கிண்ணியா, 1975

பெருமதிப்புக்குரிய ஸெய்னுதீன் மச்சான் அவர்களுக்கு, அபூதாஹிர் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உயிர்கள் எல்லாம் சுகம். பயிர்கள்தான் சுகமில்லை. துறை கடந்து திருகோணமலைக்கு, உங்கள் அலுவலகத்துக்கு வந்து நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை ஸாலிஹாவின் சீதனக் காணியில், மண்ணும் பிழைக்க வேண்டும், கூலிக்காரரும் பிழைக்க வேண்டும், நமக்கும் லாபம் வேண்டும் என்று நான் தொடங்கிய மிளகாய்த் தோட்டத்தை அறிவீர்கள். அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஊரெல்லாம் உர மூட்டையைக் கொட்டிக் கல்வீடு கட்டுகிறது. நான் ஒரு மூட்டைப் பசளையும் வாங்கவில்லை. பதிலாகத் தயிர்க்கார ஜமால்தீன் காக்காவின் எருமைகளைக் காணியில் பட்டி அடைத்தேன். அவை சாணத்தைப் பக்கத்து வளவில் போட்டுவிட்டு, எங்கள் வாய்க்காலில் புரண்டு அதை மடுவாக்கின. பக்கத்து வளவு மிளகாய் இப்போது நன்றாக நிற்கிறது. சரியென்று வேலியாக நின்ற பூவரசுகளை இலையும் குழையுமாக வெட்டி மண்ணில் புதைத்தேன். மண்ணுக்கு நல்ல சாப்பாடு, ஆனால் வேலி போய்விட்டது. ஆடுகள் வந்து கன்றுகளைத் திண்டுட்டுப் போயிட்டு. அதுகள் போட்ட புழுக்கையும் பசளைதானே எண்டு சொல்லிப்போட்டேன், ஸாலிஹா கன நாள் என்னோட கதைக்கயில்ல. மிளகாய் ஆய வாற கூலிப் பொம்புளயளுக்கு லாபத்தில பங்கு தாறன் எண்டு வேற வாக்குக் குடுத்திருந்தன். லாபத்தக் காணயில்ல, அதுகள்ற முகத்தப் பாக்க ஏலாம நான் பின்வழியால போய் வாறன். மிஞ்சின மிளகாயச் சந்தைக்குக் கொண்டு போனா எல்லாருக்கும் ஒரே விலைதான். என்ட நல்ல மனசு தராசில ஏறயில்ல மச்சான்.

மனம் விட்டுப்போய்விட்டது. ஓடு போலக் கிடந்த மண் இப்போது கறுத்து, கையில் எடுத்தால் உதிர்கிறது. அதைப் பார்க்கத்தான் அழுகை வருகிறது. நகரத்து இராசையா முதலாளி காணியைக் குத்தகைக்குக் கேட்கிறார். உரமும் மருந்தும் அடித்து, உறிஞ்சி எடுத்த பிறகுதான் திருப்பித் தருவார். வேறு வழி தெரியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஸாலிஹா கையொப்பம் வைப்பாள். தயவுசெய்து சொல்லவும்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸலாம். உங்கள் ஹயாத்துக்காக ஐவேளையும் துஆச் செய்கிறோம்.

இப்படிக்கு,
அபூதாஹிர்

பி.கு.: உறை ஒட்டும் முன் ஸாலிஹா இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "என்ட காக்காட்ட எழுதுங்க, முதலாளிக்குக் காணி தர ஏலா எண்டு நான் போன கிழமையே சொல்லி அனுப்பிட்டன். மண் இப்பதான் உசிர் பிடிச்சிரிக்கி" என்றாள். அந்தப் பெண்களோடு சேர்ந்து அவளே செய்யப்போகிறாளாம். விளைச்சலில் ஆளுக்குப் பங்காம். "அப்ப நான்?" என்று கேட்டேன். "உங்களுக்குக் காக்காட கந்தோரில ஏதும் வேலை இரிக்கிதா எண்டும் கேட்டு எழுதுங்க" என்றாள். கேட்டு எழுதியிருக்கிறேன்.