தலையில்லாத ஆணி

எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் இரண்டு வேலைதான்: தின்பது, உறங்குவது. மூன்றாவதாக ஒன்றைச் செய்யப் போய் மானம் கெட்டவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். சவூதியில் அலுமினியக் கதவு செய்யும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து நிந்தவூரில் கல்யாணம் முடித்தேன். வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறினேன். மாமி என் முன்னால் வரமாட்டார். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார். அதுவும் என்னிடம் இல்லை, என் பெண்சாதியிடம். ("மருமகனுக்கு இன்னும் சோறு வேணுமா எண்டு கேளு புள்ள.") அவருடைய முகமே எனக்குச் சரியாகத் தெரியாது.

ஒரு நாள் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. "போகக்குள்ள வரக்குள்ள கதவு ஆணியில முக்காடு கொழுவுது."

நான் துள்ளி எழும்பினேன். "தலை வெளிய தெரியாத றிவெட் ஆணி இருக்கு மாமி. புதுக் கதவே செஞ்சு தாறன்."

அந்த றிவெட்டை ஒரு பக்கத்தில் நின்றே அடிக்கலாம், மறுபக்கம் போய்ப் பிடிக்கத் தேவையில்லை. மறுபக்கம் மாமி நிற்கும் வீட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தலை தகட்டோடு மட்டமாக உட்கார, ஓட்டையின் வாயைச் சரிவாக அகட்ட வேண்டும். சவூதியில் அதைப் போர்மன் செய்வார். நான் றிவெட் அடிக்கும் துவக்கின் விசையை அமுக்குவதோடு சரி. (இதை மாமாவிடம் சொல்லவில்லை.) கதவுச் சட்டத்தில் அடிக்க நான் வாங்கிய அலுமினியத் தகடோ பப்படத் தடிப்பு. தலை முழுதாக மறையும் வரை அகட்டினேன். மறைந்தது. தலை பிடித்துக்கொள்ளத் தகட்டில் மிச்சம் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, கல்முனையிலிருந்து என் வாப்பா விருந்துக்கு வந்தார். மாமா அவரை நேரே குசினிக் கதவடிக்குக் கூட்டிப் போனார்.

"மருமகன்ட வேல. தடவிப் பாருங்க, தலையே இல்ல."

வாப்பா தடவினார். "ஓம், தலையே இல்ல" என்றார். எனக்கு நெஞ்சு விரிந்தது.

சம்பந்தி புகழ்வதைக் கேட்க, மாமி உள்பக்கம் தகட்டில் காதை வைத்துச் சாய்ந்து நின்றிருக்கிறார். மேல் மூலையில் டக்கென்றது. பிறகு டக், டக், டக். தகடு கழன்று வாப்பாவின் காலடியில் விழுந்தது. றிவெட் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் சட்டத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தன. வெறும் சட்டத்துக்குள் மாமி. முக்காடு தோளில், வாய் நிறைய வட்டிலாப்பம்.

வாப்பா நிலத்தைப் பார்த்தார். மாமா முகட்டைப் பார்த்தார். எனக்குப் பார்க்க இடமில்லை. இவ்வளவு நாளும் அந்த மனுசி காத்துவந்த மறைப்பை இப்படி உரித்துப் போட்டுவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது. அப்படியே கிணற்றில் குதித்துவிடலாம் போலிருந்தது.

மாமி வாயில் இருந்ததை விழுங்கினார். முக்காட்டை இழுத்துப் போட்டார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"ஆணிக்கும் தலை இல்ல, அடிச்சவருக்கும் தலை இல்ல."

அதன் பிறகு மாமி கதவுக்குப் பின்னால் போகவேயில்லை. "இனி என்னத்த மறைக்க" என்று, மௌத்தாகும் வரை நேருக்கு நேர் நின்றே ஏசினார். (சோற்றையும் நேரில் நின்றே போட்டார்.)

அண்மையில் என் மகளின் புது மாப்பிள்ளை, சுவரில் மணிக்கூடு கொழுவ ஆணி தேடினார். இப்போது அவருக்கு மாமி என் பெண்சாதி. ஒளியாமல் நேரே போய்ச் சொன்னாள்:

"தலை உள்ள ஆணியாப் பாத்து அடிங்க மருமகன். தலை இல்லாத ஆள் இந்த வீட்டுக்கு ஒருத்தர் போதும்."